வேலிக்கு வெளியே இருப்பவர்கள்: ஆப்பிரிக்க விமானத் தளங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

(ஆப்பிரிக்காவில் அந்நியப் படைகளின் விமானத் தளங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி வருவதைப் பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். காவிரிப் படுகையிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். பதில் எழுதுபவர் இந்திய விமானப்படையில் கான்பெரா குண்டுவீச்சு விமானங்களின் இன்ஜின் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது திருவையாற்றில் வசிக்கிறார்.)

கேள்வி: நைஜர் நாட்டில் 11 கோடி டாலர் செலவில் கட்டிய விமானத் தளத்தை அமெரிக்கா 2024-இல் ஒப்படைத்துவிட்டுப் போனது என்று நான் படிக்கும் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. இவ்வளவு செலவு செய்தவர்கள் ஏன் விட்டுப் போனார்கள்?
— போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, தஞ்சாவூர்

பதில்: அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளாமல் கேட்டீர்களே, அதற்கு முதலில் என் பாராட்டு அம்மா.

ஊரிலிருந்து தொடங்குவோம். நைஜீரியா வேறு, நைஜர் வேறு. தேர்வில் பலர் தடுக்கி விழும் இடம் இது. நைஜர், நைஜீரியாவுக்கு வடக்கே இருக்கும் நாடு, கடற்கரை கிடையாது. அதன் நடுப்பகுதியில், சஹாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பில், அகடேஸ் என்ற பழைய வணிக நகரம் இருக்கிறது. ஒட்டகக் கூட்டங்கள் உப்பு ஏற்றிக்கொண்டு வந்து தங்கிய ஊர். மண்ணால் கட்டிய 27 மீட்டர் உயரப் பள்ளிவாசல் கோபுரம் அங்கே இன்றும் நிற்கிறது. அந்தப் பழைய நகரத்தை யுனெஸ்கோ 2013-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஊரின் விமான நிலையத்துக்கு, 1995-இல் விமான விபத்தில் இறந்த, சஹாராவின் நாடோடி இனமான துவாரெக் மக்களின் தலைவர் மானோ தயாக்கின் பெயர். அந்த விமான நிலையத்துக்குப் பக்கத்து வெட்டவெளியில்தான் நீங்கள் கேட்ட அமெரிக்கத் தளம், அதாவது 201-ஆம் விமானத் தளம், எழுந்தது.

ஏன் அந்த இடம்? வரைபடத்தை எடுத்து அகடேஸில் விரலை வையுங்கள். வடகிழக்கே லிபியாவின் தெற்கு எல்லை, தென்கிழக்கே போகோ ஹராம் ஆயுதக்குழு நடமாடிய சாட் ஏரிப் பகுதி, மேற்கே அல்கொய்தாவோடும் ஐ.எஸ். அமைப்போடும் சேர்ந்த குழுக்கள் திரியும் மாலியின் காவோ நகரம். மூன்றுமே ஏறத்தாழ 700 முதல் 900 கிலோமீட்டர் தூரத்துக்குள் வந்துவிடுகின்றன. மூன்று பக்கமும் கண் வைக்க அதைவிடத் தோதான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை.

கட்டுமானத்தை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் அமெரிக்க விமானப்படையின் பொறியியல் பிரிவினரே செய்தார்கள். சுமார் 1,900 மீட்டர் நீளத் தார் ஓடுபாதை. 2018-இல் முடியவேண்டிய வேலை 2019-இல்தான் முடிந்தது. அந்த ஆகஸ்டில் சி-130 சரக்கு விமானங்கள் இறங்கத் தொடங்கின. ஆண்டு முடிவதற்குள் ஆளில்லா விமானங்கள் கண்காணிப்புக்குப் பறந்தன. கடலே இல்லாத நாடு என்றேன் அல்லவா, அதை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டுகளில் நைஜருக்கு வந்த கப்பல் சரக்கில் பெரும்பகுதி பக்கத்து நாடான பெனினின் கொட்டோனூ துறைமுகத்தில் இறங்கி, லாரியில்தான் வரவேண்டியிருந்தது. தலைநகர் நியாமேயிலிருந்து அகடேஸுக்கு அதற்கு மேலும் சுமார் 900 கிலோமீட்டர் சாலை.

2023 ஜூலை 26 அன்று நைஜர் ராணுவம் ஜனாதிபதி முகமது பசூமைச் சிறைப்பிடித்து ஆட்சியைப் பிடித்தது. பிரான்ஸ் படை அந்த டிசம்பரிலேயே வெளியேறியது. 2024 மார்ச் 16 அன்று, அமெரிக்காவுடன் செய்திருந்த ராணுவ ஒப்பந்தம் இனிமேல் செல்லாது என்று புதிய ஆட்சியாளர்கள் தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். ஏப்ரலில் ரஷ்யப் பயிற்சியாளர்கள் வந்து இறங்கினார்கள். நியாமேயில் 101-ஆம் தளத்தின் ஒரு பக்கம் அமெரிக்கர், இன்னொரு கொட்டகையில் ரஷ்யர் என்று சில வாரங்கள் கழிந்தன. ஜூலை 7 அன்று நியாமே தளமும், ஆகஸ்ட் 5 அன்று அகடேஸ் தளமும் ஒப்படைக்கப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட அமெரிக்கப் படை செப்டம்பர் நடுவில் முழுமையாக வெளியேறியது.

தேர்வுக்கு இது போதும். உங்கள் கேள்விக்குப் போதாது. ராணுவ ஆட்சி வந்த பிறகு அகடேஸில் அந்தத் தளத்துக்கு எதிராக ஏன் குரல் எழுந்தது என்று பாருங்கள். லிபியா வழியாக ஐரோப்பா போகும் ஆட்களை வண்டியில் ஏற்றிப் பாலைவனம் கடத்திவிடுவதுதான் அந்த ஊரில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில். ஐரோப்பிய நாடுகளின் நெருக்குதலில் 2015-இல் அது குற்றமாக்கப்பட்டது. டிரைவர், விடுதிக்காரர், பிக்கப் வண்டி வைத்திருந்தவர் எல்லோருக்கும் பிழைப்பு போயிற்று. ஒரு பக்கம் வேலை போனது. இன்னொரு பக்கம் ஊருக்கு வெளியே பல கோடி டாலரில் ஒரு வேலி எழுந்தது. அந்த வேலிக்குள்ளிருந்து இரவும் பகலும் விமானம் பறந்தும், அந்த ஆண்டுகளில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியில் ஆயுதக்குழுக்களின் தாக்குதல்கள் பெருகத்தான் செய்தன. 2023 நவம்பரில் ராணுவ ஆட்சி அந்த 2015 சட்டத்தை ரத்து செய்தபோது அகடேஸில் வரவேற்பு இருந்ததும், 2024 ஏப்ரலில் அமெரிக்கர் போகட்டும் என்று அதே ஊரில் ஊர்வலம் நடந்ததும் எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

நம் பக்கத்தில் குத்தகை நிலத்தில் போர்வெல் போட்டவரைக் கேட்டுப்பாருங்கள். நிலத்துக்காரர் குடும்பம் மனம் மாறினால் மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி வந்துவிடலாம். போர்வெல்லைத் தோண்டி எடுத்து வர முடியாது. அகடேஸிலும் விமானங்கள் போய்விட்டன, ஓடுபாதை அங்கேயே இருக்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. லிபியாவில் திரிப்போலிக்குப் பக்கத்தில் வீலஸ் என்ற மிகப் பெரிய அமெரிக்க விமானத் தளம் இருந்தது. 1969 செப்டம்பரில் கடாபி ஆட்சிக்கு வந்தார்; 1970 ஜூனில் தளம் கைமாறியது. இன்று அது மிதிகா விமான நிலையம். பிரான்சும் 2025 ஜனவரியில் சாட் நாட்டிலிருந்தும், ஜூலையில் செனகலிலிருந்தும் கடைசித் தளங்களை ஒப்படைத்துவிட்டு வந்தது. நான்கு நாடுகளின் பெயரையும் ஆண்டையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கேள்வியில் கேட்கக்கூடும்.

கேள்வி: விமானியே இல்லாத விமானம் என்கிறார்கள். அதை அமெரிக்காவில் உட்கார்ந்தே ஓட்டுகிறார்கள் என்றும் சொல்கிறார்கள். பிறகு பாலைவனத்தில் தளம் எதற்கு, ஆட்கள் எதற்கு?
— விவசாயி, பாபநாசம்

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள் ஐயா.

நீங்கள் சொல்லும் விமானம் எம்.க்யூ-9 ரீப்பர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 20 மீட்டர். காற்றாடி பின்புறம் இருக்கும். மூக்குக்குக் கீழே உருண்டையாகக் கேமரா. எண்ணெய் நிரப்பி ஏற்றிவிட்டால் ஒரு நாளுக்கும் மேலாக வானத்தில் வட்டமடிக்கும். ஆனால் வேகம் குறைவு. சாதாரணமாக மணிக்கு 300 சொச்சம் கிலோமீட்டர்தான். அகடேஸிலிருந்து சாட் ஏரிக்குப் போகவே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். தளம் இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போகவும் வரவுமே பாதி நாள் கழிந்துவிடும், வட்டமடித்துப் பார்க்க நேரம் எங்கே? கிட்டத்தில் இடம் தேடுவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் நெவாடாவில் உட்கார்ந்து ஒருவர் கைப்பிடியை அசைத்தால், அந்தச் சைகை செயற்கைக்கோள் ஏறி இறங்கி விமானத்தை அடைய ஒரு கணம் தாமதமாகிறது. விமானம் என்ன செய்தது என்ற படம் திரும்பி வர இன்னொரு கணம். உயரத்தில் பறக்கும்போது இந்தத் தாமதத்தால் கேடு இல்லை. தரையை நெருங்கும்போது, பக்கக் காற்று அடிக்கும்போது, அந்த ஒரு கணத்தில் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிடும். அதனால் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் தளத்திலேயே ஒரு குழு இருக்கும். அவர்கள் நேரடி ஆன்டெனா மூலம் ஓட்டி, மேலே ஏறியதும் கட்டுப்பாட்டை நெவாடாக்காரரிடம் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது மறுபடி வாங்கிக்கொள்வார்கள்.

அதோடு மெக்கானிக், எண்ணெய் வண்டி ஓட்டுபவர், ஆயுதம் பொருத்துபவர், தீயணைப்புப் படை, வானிலை பார்ப்பவர், காவல், சமையல், குடிநீர், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். விமானத்தில்தான் ஆள் இல்லை, அதைப் பறக்க வைக்க ஒரு சிறிய ஊரே வேண்டியிருக்கிறது.

மணலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வாழ்நாளில் பாதி அதோடு போராடியது. நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று சஹாராவிலிருந்து வீசும். மாவு போன்ற தூசி அதில் மிதக்கும். வடஇந்தியாவில் மே மாதப் புழுதிக்காற்று அடித்த மறுநாள் காலையில் நாங்கள் செய்த முதல் வேலை எது தெரியுமா? தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்று, தலையைக் குனிந்துகொண்டு ஓடுபாதை முழுவதும் நடப்போம். கல், ஆணி, கம்பித் துண்டு, வாஷர் எது கண்ணில் பட்டாலும் பொறுக்கிப் பையில் போடுவோம். பட்டாணி அளவுக் கல் ஒன்று இன்ஜினுக்குள் போனால் பிளேடின் விளிம்பில் ஒரு சிறு பள்ளம் விழும். அதை விரல் நகத்தால் தடவித்தான் கண்டுபிடிப்போம். கண்ணுக்குத் தெரியாது, நகம் தட்டும். அந்தப் பள்ளத்திலிருந்து வெடிப்பு தொடங்கும். எந்த நாட்டுத் தளமானாலும், எவ்வளவு புதிய விமானமானாலும், காலையில் யாரோ ஒருவர் குனிந்து கல் பொறுக்கித்தான் ஆகவேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆளில்லா விமானங்களை நம் கடற்படை 2020 முதல் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து இயக்கி வருகிறது. 31 விமானங்கள் வாங்க இந்தியா 2024 அக்டோபரில் ஒப்பந்தம் செய்திருக்கிறது. வரும் ஆண்டுகளில் நம் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கும். ஓட்டுபவர் வேலையை மட்டும் நினைக்காமல் பராமரிப்புப் பிரிவையும் நினைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்திய விமானப்படை ஆப்பிரிக்காவில் சண்டை போட்டிருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டேன். உண்மையா? பாடப்புத்தகத்தில் பார்த்ததாக நினைவில்லை.
— ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

பதில்: உண்மை ஐயா. இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன்.

காங்கோ 1960 ஜூன் 30 அன்று பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றது. இரண்டு வாரம் முடிவதற்குள், செம்பும் யுரேனியமும் கொட்டிக் கிடக்கும் கட்டாங்கா மாகாணம் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது. பெல்ஜியச் சுரங்க முதலாளிகளின் பணமும் கூலிப்படையும் அதற்குப் பின்னால் நின்றன. ஐ.நா. அமைதிப்படை போனது, அதில் 1961-இல் இந்தியா ஒரு முழு பிரிகேடையே அனுப்பியது.

1961 செப்டம்பரில் ஐ.நா. படைக்குப் பெரிய அவமானம் நேர்ந்தது. கட்டாங்காவிடம் இருந்ததோ பயிற்சிக்காகச் செய்யப்பட்ட சின்னஞ்சிறு பிரெஞ்சு ஜெட், ஃபூகா மஜிஸ்டர். பறக்கும் நிலையில் ஒன்றே ஒன்று. ஐ.நா.விடம் சண்டை விமானமே இல்லை. அந்த ஒற்றை விமானம் வந்து குண்டு போட்டு, சுட்டுவிட்டு, கேட்பாரில்லாமல் திரும்பிப் போனது. சரக்கு விமானங்கள் இறங்க முடியவில்லை. ஜாதோவில் நகரத்தில் சுற்றி வளைக்கப்பட்ட அயர்லாந்துப் படைப்பிரிவுக்கு உதவி போய்ச் சேரவில்லை, அவர்கள் சரணடைந்தார்கள். சமாதானம் பேசப் புறப்பட்ட ஐ.நா. பொதுச்செயலர் டாக் ஹாமர்ஷோல்ட், செப்டம்பர் 18 அன்று இன்றைய ஜாம்பியாவில் உள்ள என்டோலா அருகே விமானம் விழுந்து இறந்தார்.

அதற்குப் பிறகுதான் சுவீடன், எத்தியோப்பியா, இந்தியா மூன்று நாடுகளும் ஜெட் விமானங்களை அனுப்பின. இந்தியா அனுப்பியது 5-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவின் ஆறு கான்பெராக்கள். காங்கோவின் தலைநகர் லியோபோல்ட்வில்லிலிருந்தும் (இன்றைய கின்ஷாசா) கமீனா தளத்திலிருந்தும் அவை பறந்தன. கமீனா, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெல்ஜியம் கட்டாங்காவுக்குள் கட்டிய பெரிய விமானத் தளம். கட்டாங்காவின் தலைநகர் எலிசபெத்வில் அங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர், சுரங்க நகரமான கொல்வேசி அதைவிடக் கிட்டம். 1961 டிசம்பரில் கான்பெராக்கள் கொல்வேசி விமான நிலையத்தைத் தாக்கி அங்கே நின்ற விமானங்களை அழித்தன. கட்டாங்காவின் வானம் அப்போதைக்கு அடங்கியது. அதே டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில் சாலைத் தடையை உடைக்கப் போன கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா வீரமரணம் அடைந்தார். ஐ.நா. பணியில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

நான் பணியில் சேர்ந்தபோது காங்கோ போய்வந்த வாரண்ட் ஆபீசர் ஒருவர் எங்கள் இன்ஜின் பிரிவில் இருந்தார். கான்பெராவின் ஏவான் இன்ஜினைக் கிளப்புவதற்குத் தோட்டா வேண்டும், பேட்டரி போதாது. பெரிய டப்பா அளவு கார்ட்ரிட்ஜை இன்ஜின் மூக்கில் செருகி, எல்லோரும் விலகி, விமானி பொத்தானை அழுத்தினால் 'டம்' என்று வெடித்துக் கரும்புகை கிளம்பும். அந்த வாயுவின் வேகத்தில் இன்ஜின் சுழலத் தொடங்கும். தீபாவளி மறுநாள் காலைத் தெருவில் இருக்கும் அதே மருந்து நாற்றம் சட்டையில் இரண்டு நாள் நிற்கும். ஒவ்வொரு தடவை கிளப்புவதற்கும் இன்ஜினுக்கு ஒரு கார்ட்ரிட்ஜ். எனவே ஒரு நாளைக்கு எத்தனை தடவை பறக்கலாம் என்பதை விமானியின் வீரம் தீர்மானிப்பதற்கு முன்னால், பெட்டியில் எத்தனை கார்ட்ரிட்ஜ் மிச்சம் என்பது தீர்மானித்துவிடும்.

கமீனாவைப் பற்றி அவர் பேசினால் குண்டுவீச்சு பற்றிப் பேச்சே வராது. போனபோது செம்புழுதி, சண்டை நடந்தபோது பெருமழை என்பார். லியோபோல்ட்வில்லிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சரக்கு விமானத்தில் உதிரிப் பாகம் வந்து சேர்ந்தால்தான் வேலை. மழை விடாவிட்டால் அதுவும் வராது. தளத்தில் வேலைக்கு வந்த உள்ளூர்க்காரர்களோடு ஒட்டிப் பழகியதால்தான் காய்கறி முதல் விறகு வரை கிடைத்தது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். எங்கள் பிரிவுக்கு அவர் கற்றுக்கொடுத்தது அதைத்தான்: புதிய இடத்துக்குப் போனால் முதலில் தண்ணீர் எங்கே என்று பார், இரண்டாவது எண்ணெய் எந்தச் சாலையில் வருகிறது என்று பார், மூன்றாவதாக வேலிக்கு வெளியே இருப்பவன் உன்னை எப்படிப் பார்க்கிறான் என்று கவனி. அகடேஸ் செய்தியைப் படித்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பாடப்புத்தகத்தில் இல்லையே என்று வருந்துகிறீர்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. காங்கோ நடவடிக்கையில் 39 இந்தியர்கள் உயிர் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே சீனப் போர் வந்து அத்தனையையும் மூடிவிட்டது. உங்களைப் போன்ற ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் சொன்னால் அது நிற்கும்.

கேள்வி: 2015-இல் ஏமன் போரின்போது என் அண்ணன் ஏடனிலிருந்து கப்பலில் தப்பி, ஜிபூத்தி என்ற ஊருக்கு வந்து, அங்கிருந்து ராணுவ விமானத்தில் கொச்சிக்கு வந்தார். ஜிபூத்தியில் எங்கு பார்த்தாலும் வெவ்வேறு நாட்டு ராணுவம் என்று சொல்வார். அவ்வளவு சின்ன இடத்தில் ஏன் அத்தனை பேர்?
— வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் அண்ணன் பத்திரமாக வந்ததில் மகிழ்ச்சி அம்மா. அவர் வந்தது 'ஆபரேஷன் ராஹத்' என்ற மீட்புப் பணியில். ஐ.என்.எஸ். சுமித்ரா 2015 மார்ச் 31 அன்று ஏடனில் சுமார் 350 பேரை ஏற்றி ஜிபூத்தியில் சேர்த்தது. பிறகு மற்றக் கப்பல்களும் வந்தன. அங்கிருந்து விமானப்படையின் சி-17 விமானங்கள் கொச்சிக்கும் மும்பைக்கும் கொண்டுவந்தன. ஏமனிலிருந்து மொத்தம் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களையும், 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரையும் நம்மவர்கள் மீட்டார்கள். இணையமைச்சராக இருந்த வி.கே. சிங் ஜிபூத்தியிலேயே தங்கி வேலையைக் கவனித்தார். ஒரு விமானத் தளம் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கூட்டத்துக்குக் காரணம் கடல். செங்கடலுக்குள் நுழையும் பாப்-எல்-மண்டெப் நீரிணை சுமார் 30 கிலோமீட்டர்தான் அகலம். சூயஸ் வழியாக ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் கப்பல்கள் எல்லாம் அந்த இடுக்கில் நுழைந்தாகவேண்டும். அதன் கரையில் இருக்கிறது ஜிபூத்தி. பிரெஞ்சுக்காரர்கள் பழைய காலனியாட்சிக் காலத்திலிருந்தே அங்கே இருக்கிறார்கள். அவர்களின் அயல்நாட்டுப் படையணி இருந்த லெமோனியே முகாமில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர் வந்து அமர்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் அவர்களுடைய நிரந்தரத் தளம் அது ஒன்றே. 2014 ஒப்பந்தப்படி ஆண்டு வாடகை சுமார் 6.3 கோடி டாலர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் வெளிநாட்டில் வைத்த முதல் தளம் 2011-இல் அங்கேதான் வந்தது. சீனாவின் முதல் வெளிநாட்டுத் தளமும் 2017-இல் அங்கேதான். இத்தாலியும் இருக்கிறது.

இதில் ஜிபூத்தி அரசின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஒருவருக்கு மட்டும் இடம் கொடுத்தால் அவர் முதலாளி ஆகிவிடுவார். ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஐந்து பேரும் வாடகைக்காரர்கள். அமெரிக்காவின் ஆளில்லா விமானங்கள் மக்கள் பயன்படுத்தும் விமான நிலையத்தையே பயன்படுத்தி, விபத்துகளும் நடந்தபோது, ஊருக்கு வெளியே சபெல்லே ஓடுபாதைக்குப் போகச் சொன்னார்கள். 2013-இல் போனார்கள். சின்ன நாடுதான், ஆனால் தன் வானத்தைப் பற்றித் தானே பேசியது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் இந்தியாவுக்குச் சொந்தத் தளம் உண்டா?
— வாசகர், சீர்காழி

பதில்: இல்லை. மொரீஷியஸ் நாட்டின் அகலேகா தீவில் இந்தியா 3 கிலோமீட்டர் ஓடுபாதையும் ஒரு படகுத்துறையும் கட்டிக் கொடுத்திருக்கிறது. இரு நாட்டுப் பிரதமர்களும் 2024 பிப்ரவரி 29 அன்று திறந்து வைத்தார்கள். கடல் கண்காணிப்பு விமானங்கள் இறங்க அது உதவும். ஆனால் தீவு மொரீஷியஸுடையது, அது ராணுவத் தளம் இல்லை என்று இரு அரசுகளும் சொல்லியிருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் சில நூறு பேர். மீனும் தேங்காயும் அவர்கள் பிழைப்பு. அவர்களுக்கு மருத்துவமனை, குடிநீர், கப்பல் வசதி எல்லாம் முறையாகக் கிடைக்கிறதா என்பதை நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேள்வி: நம் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு அருகே என் தம்பி கோழிக்கறிக்கடை வைத்திருக்கிறான். கழிவை வெளியே கொட்டாதே என்று அடிக்கடி எச்சரிக்கிறார்கள். ஆகாயத்தில் போகும் விமானத்துக்கும் கோழிக் குடலுக்கும் என்ன சம்பந்தம்?
— வாசகர், புதுக்கோட்டை சாலை, தஞ்சாவூர்

பதில்: நேரடிச் சம்பந்தம் ஐயா. குடல் கிடக்கும் இடத்துக்குப் பருந்து வரும். பருந்து நேராக வந்து இறங்காது, மேலே வட்டமடிக்கும். அந்த உயரத்தில்தான் விமானம் ஏறவும் இறங்கவும் செய்கிறது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்கறுப்பதும் கழிவு கொட்டுவதும் அதனால்தான் சட்டப்படி தடுக்கப்பட்டிருக்கின்றன.

ஆக்ராவில் ஒருமுறை பறவை மோதித் திரும்பிய கான்பெராவின் இன்ஜினைத் திறந்தேன். முதல் வரிசை பிளேடுகளில் மூன்று வளைந்திருந்தன. இடுக்கில் ஒரே ஒரு இறகு, நுனி கருகி, எண்ணெயில் ஊறி ஒட்டிக்கொண்டிருந்தது. தீய்ந்த முடி நாற்றம். விமானி இளைஞர், இறங்கி வந்து அந்த இறகைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். தஞ்சையில் 2020 ஜனவரி 20 முதல் 222-ஆம் ஸ்குவாட்ரனின் சுகோய்-30 விமானங்கள் நிற்கின்றன. பிரம்மோஸ் ஏவுகணை சுமப்பவை. சுற்றிலும் வயல். உழவு நேரத்தில் டிராக்டருக்குப் பின்னால் கொக்கும் மடையானும் கூட்டமாக வருவதை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பருந்தைக் கூப்பிடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. கழிவை மூடிய டிரம்மில் வைத்து மாநகராட்சி வண்டியில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கமும் நான் பேசவேண்டும். ஜெட் சத்தத்தில் கைக்குழந்தை அலறுகிறது, கன்று மிரளுகிறது என்றால் வேலிக்குள் இருப்பவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டாகவேண்டும். கிராம சபையில் எழுத்தில் கொடுங்கள். தளமும் ஊரும் பேசிக்கொள்வது இரண்டுக்கும் நல்லது.

கேள்வி: என் தங்கை மகனுக்கு நைஜரில் மின்கோபுரம் அமைக்கும் வேலை வந்திருக்கிறது. நல்ல சம்பளம். போகலாமா? அமெரிக்கப் படையே போய்விட்டது என்கிறார்களே, பயமாக இருக்கிறது.
— ஒரு பெரியம்மா, திருவாரூர்

பதில்: அம்மா, பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜூலையில் நைஜரின் தோசோ பகுதியில் நடந்த தாக்குதலில் இரண்டு இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள், ஒருவர் கடத்தப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு தில்லாபேரி பகுதியில் ஐந்து இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். மின்கம்பி இழுக்கும் வேலை ஊருக்கு வெளியே, காட்டுப் பாதையில் நடப்பது. ஆபத்து அதில்தான் அதிகம். அமெரிக்கத் தளம் இருந்த காலத்திலும் இப்படிப்பட்ட தாக்குதல்கள் நடந்தன. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு கேமரா பறந்ததால் சாலையில் போன தொழிலாளிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை.

என்னைக் கேட்டால், தில்லாபேரி, தோசோ அல்லது மாலி எல்லைப் பக்கம் வேலையென்றால் எவ்வளவு சம்பளமானாலும் வேண்டாம். நியாமே நகரத்துக்குள் மட்டும் வேலையென்றால் விசாரித்து முடிவு செய்யலாம். ஆள் அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேளுங்கள். நியாமேயில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. போவதற்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி, அந்த நிறுவனத்தைப் பற்றியும் வேலையிடத்தைப் பற்றியும் விசாரிக்கலாம். போனவுடன் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும். பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டு வைக்கக் கூடாது, வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். வேலையிடத்துக்குப் போக வர ராணுவப் பாதுகாப்பு உண்டா, காப்பீடு எவ்வளவு, கடத்தலும் சாவும் அதில் அடங்குமா என்ற மூன்றையும் கம்பெனி எழுத்தில் தரவேண்டும். வாயால் சொன்னால் ஏற்காதீர்கள்.

எந்தப் பகுதி, எந்த ஊர் என்று பையன் எழுத்தில் வாங்கியதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஆசிரியர் அலுவலகத்துக்கு அனுப்பினாலே எனக்கு வந்துவிடும். வரைபடத்தை வைத்துக்கொண்டு சாலை எங்கே போகிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அடுத்த இதழுக்குக் காத்திராமல் உடனே பதில் எழுதுகிறேன். அதுவரை முன்பணம் கட்ட வேண்டாம்.